மீன் தொட்டி கடலைக் காக்குமா?



மீன் காட்சிச்சாலை என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? சற்றே இருட்டான கூடம், சுவரெங்கும் ஒளிரும் கண்ணாடித் தொட்டிகள், உள்ளே வண்ண வண்ண மீன்கள். ஒவ்வொரு தொட்டியின் முன்னும் அரை நிமிடம் நிற்கிறோம். பெயர்ப் பலகையைப் படிக்கிறோம். அடுத்த தொட்டிக்கு நகர்கிறோம். வெளியே வரும் வழியில், கடல்வாழ் உயிரினங்களைப் பாதுகாப்போம் என்று எழுதிய பலகை ஒன்றும் கண்ணில் படுகிறது.

சிந்திக்கும் மாணவருக்கு இந்த இடத்தில் ஓர் ஐயம் எழ வேண்டும். கடலில் நீந்திய மீனைப் பிடித்து வந்து கண்ணாடிக்குள் அடைத்தவர்களே கடலைப் பாதுகாக்கச் சொல்கிறார்களே, இது எப்படிப் பொருந்தும்? தொட்டிக்குள் இருக்கும் சில நூறு உயிர்களால், பூமியின் பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்கை மூடியிருக்கும் கடலுக்கு என்ன பயன்?

நியாயமான கேள்விதான். இதற்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. தொட்டிக்குள் கற்றது மீண்டும் கடலுக்குப் போய்ச் சேருகிறதா என்பதைப் பொறுத்தே விடை அமையும். உலகில் பெயர் பெற்ற ஒரு காட்சிச்சாலையை எடுத்துக்கொண்டு, அதன் வெற்றி, தோல்வி இரண்டையும் பார்த்து, நாமே ஒரு முடிவுக்கு வருவோம்.

தொட்டிக்குள் கடல் வந்த கதை

முதலில் ஒரு பழைய கதை. மீனை ஒரு சிறு பாத்திரத்தில் விட்டு, நீரை மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும்? மீன் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசித்துத் தீர்த்துவிடும். அதன் கழிவு நீரிலேயே தங்கி நஞ்சாகும். விரைவில் மீன் இறந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு 1850ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் ஒரு வழி கூறினார். மீன்களுடன் ஒரு நீர்ச்செடியையும் சில நத்தைகளையும் சேர்த்து அவர் வளர்த்தார். செடி வெளிச்சத்தில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவைத் தந்தது. நத்தைகள் அழுகும் இலைகளைத் தின்று தீர்த்தன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவானது. இயற்கையின் சமநிலை ஒரு சிறு தொட்டிக்குள் வந்துவிட்டது!

மூன்றே ஆண்டுகளில், 1853இல், இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. மக்கள் வியந்து திரண்டனர். நம் நாட்டிலும் 1909ஆம் ஆண்டில் சென்னை மெரினா கடற்கரையில் ஒரு காட்சிச்சாலை திறக்கப்பட்டது.

ஆனால் இந்த மகிழ்ச்சிக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகம் பரவியது. மக்கள் கூடைகளோடும் புட்டிகளோடும் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைக் குழிகளில் வாழ்ந்த கடல் சாமந்திகளையும் நண்டுகளையும் நட்சத்திர மீன்களையும் அள்ளிச் சென்றார்கள். பல இடங்களில் அந்தக் குழிகள் வெறுமையாயின. ஆக, தொட்டி கடலைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அட்லாண்டிக்கையும் அமெரிக்காவையும் கடந்து பசிபிக் கரைக்குப் போவோம்.

மத்தி மீன் மறைந்த ஊர்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில், மான்டெரே என்ற சிறிய ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூரின் கடற்கரைத் தெரு முழுவதும் மீனை வேகவைத்துத் தகர டப்பாக்களில் அடைக்கும் ஆலைகள் நின்றன. அங்கே குவிந்த மீன் மத்தி. நம் மீனவர்கள் சாளை என்று கூறும் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. 1940களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பருவத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் மத்தி கரை இறங்கியது. உணவுக்கு மட்டுமா? கோழித்தீவனத்துக்கும் உரத்துக்குமாக எவ்வளவோ மீன் அரைக்கப்பட்டது.

பிடிப்பைக் குறைக்க வேண்டும் என்று உயிரியலார் எச்சரித்தார்கள். கடலில் மீன் தீருமா என்று ஆலைக்காரர்கள் கேட்டார்கள். தீர்ந்துவிட்டது! 1940களின் இறுதியிலும் 1950களிலும் மத்தி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்தன. கடைசியாக எஞ்சிய ஹோவ்டன் ஆலையும் 1973இல் மூடப்பட்டது.

காரணம் வலைகள் மட்டும்தானா? இல்லை. கடலடிச் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள மீன் செதில்களை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். மனிதர் பெருமளவில் மீன்பிடிக்காத நூற்றாண்டுகளிலும் மத்தி பெருகுவதும் குறைவதுமாக இருந்திருக்கிறது. கடல் நீரின் வெப்பநிலை மாற்றத்தோடு இது தொடர்புடையது. ஆனால், இயற்கையாகக் குறையும் காலத்திலும் வலையை நிறுத்தாமல் அள்ளினால், குறைவு என்பது வீழ்ச்சி ஆகிவிடுகிறது. மான்டெரேயில் நடந்தது அதுதான்.

அந்தத் தெருவிலேயே எட் ரிக்கெட்ஸ் என்ற கடல் உயிரியலாரின் சிறிய ஆய்வுக்கூடமும் இருந்தது. 1939இல் அவர் தம் நண்பருடன் சேர்ந்து பசிபிக் கரையின் உயிர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்தில் இத்தகைய நூல்கள் இனவாரியாக எழுதப்படும்: புழுக்கள் ஓர் இயல், நண்டுகள் ஓர் இயல் என்று. ரிக்கெட்ஸ் அப்படி எழுதவில்லை. அலை மோதும் பாறை, அமைதியான வளைகுடா, துறைமுகத்தின் மரத்தூண் என்று வாழிடங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யார் யார் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று காட்டினார். தனி உயிர் முக்கியமன்று, உயிர்களுக்கு இடையேயுள்ள உறவே முக்கியம் என்பது அவர் கண்ட உண்மை.

மூடப்பட்ட ஹோவ்டன் ஆலை இருந்த அதே இடத்தில், 1984ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மான்டெரே வளைகுடா காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அருகிலிருந்த பல்கலைக்கழகக் கடல் ஆய்வு நிலையத்துடன் தொடர்புடைய உயிரியலார் சிலரின் எண்ணம் அது. கணிப்பொறித் தொழிலதிபர் டேவிட் பேக்கார்டின் குடும்பம் பொருளுதவி செய்தது. உலகெங்கும் இருந்து வண்ண மீன்களைத் திரட்டாமல், வாசலில் இருக்கும் வளைகுடாவையே, அதுவும் ரிக்கெட்ஸ் காட்டியபடி வாழிடம் வாழிடமாகக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள்.

மூன்று மாடி உயரக் காடு

அங்கே புகழ்பெற்ற தொட்டி ஒன்று உண்டு. அதன் உயரம் 8.5 மீட்டர், மூன்று மாடிக் கட்டடம் அளவு! அதில் பன்னிரண்டு லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட கடல் நீர் இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோமா? ஒரு கன மீட்டர் கடல் நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோ. அப்படியானால் தொட்டியின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பும் தாங்கும் நீரின் எடை எவ்வளவு? 8.5 × 1,025 = ஏறத்தாழ 8,700 கிலோ. ஆகவேதான் இத்தகைய தொட்டிகளின் சாளரங்கள் சாதாரணக் கண்ணாடியால் செய்யப்படுவதில்லை. தடித்த அக்ரிலிக் பலகைகளால் ஆனவை.

அந்தத் தொட்டியில் வளர்வது கெல்ப் என்னும் பெரும் பழுப்புப் பாசி. இதற்கு வேர் இல்லை; பிடிப்பு உறுப்பால் பாறையைப் பற்றிக்கொள்கிறது. காற்று நிறைந்த சிறு பைகள் மிதவைகளாகி அதன் இலை போன்ற பகுதிகளை மேலே தூக்கி நிறுத்துகின்றன. கடலில் இது காடு போல் அடர்ந்து நிற்கும். அதன் நிழலில் நூற்றுக்கணக்கான வகை உயிர்கள் வாழும்.

ஆனால் கெல்ப்பைத் தொட்டியில் வளர்ப்பது எளிதன்று. மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது, சூரிய ஒளி. ஆகவே தொட்டியின் மேற்புறம் திறந்த வானத்தை நோக்கி இருக்கிறது. இரண்டாவது, உப்புச்சத்துகள் குறையாத புதிய கடல் நீர். வளைகுடாவிலிருந்து நிமிடத்துக்கு 7,500 லிட்டர் வரை நீரை இறைக்கிறார்கள். மூன்றாவது, அசைவு. அசையாத நீரில், பாசியை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் சத்து விரைவில் தீர்ந்துவிடும். அலை வந்து அந்தப் படலத்தைக் கலைத்தால்தான் புதிய சத்து கிட்டும். எனவே நீரை முன்னும் பின்னும் தள்ளும் அலைப்பொறி ஒன்றை அமைத்தார்கள். அதை உருவாக்கியவர் பேக்கார்டே. இப்போது தொட்டிக்குள் கெல்ப் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளர்கிறது. நீரில் மூழ்கும் பணியாளர்கள் அடிக்கடி அதை வெட்டிச் சீர் செய்ய வேண்டியிருக்கிறது!

இன்னொரு நுட்பத்தையும் கேளுங்கள். பகலில், பார்வையாளர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, கடல் நீரை வடிகட்டி விடுகிறார்கள். இரவில் வடிகட்டாமல் அப்படியே விடுகிறார்கள். அந்த நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்கள் தொட்டியில் உள்ள சிப்பிகளுக்கும் கடல் சாமந்திகளுக்கும் உணவாகின்றன. நுண்ணிய குஞ்சுகளும் பாசி வித்துகளும் வந்து பாறைகளில் தாமாகவே குடியேறுகின்றன. அதாவது, அங்குள்ள உயிர்கள் பலவற்றை யாரும் பிடித்து வந்து வைக்கவில்லை. கடலே அனுப்பி வைத்தது.

ஐம்பது உயிர்கள் மட்டும்

இனி நம் கேள்விக்கு வருவோம். கடலுக்கு இதனால் என்ன கிடைத்தது? இதை அறிய ஒரு விலங்கின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடல் நீர்நாய், வட பசிபிக்கில் வாழும் பாலூட்டி. திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் தோலுக்கு அடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. குளிர்ந்த நீரில் அது போர்வைபோல் காக்கிறது. கடல் நீர்நாய்க்கு அந்தப் படலம் இல்லை. அதற்குப் போர்வை அதன் மென்மயிரே. ஒரு மனிதரின் தலையில் மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கும். கடல் நீர்நாயின் உடலிலோ, ஒரே ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள் இருக்கக்கூடும்! அவற்றின் இடையே சிறைப்படும் காற்று குளிரைத் தடுக்கிறது. உடல் சூட்டைக் காத்துக்கொள்ள நாள்தோறும் தன் எடையில் கால் பங்கு உணவும் அது உண்ண வேண்டும். 20 கிலோ எடையுள்ள பெண் நீர்நாய்க்கு நாளைக்கு 5 கிலோ நண்டும் மட்டியும் கடல் முள்ளெலியும் தேவை. மல்லாந்து மிதந்தபடி மார்பின் மேல் கல்லை வைத்து, அதில் சிப்பியை மோதி உடைத்துத் தின்னும் கெட்டிக்கார விலங்கு இது.

உயிரைக் காத்த அந்த மயிரே அதற்கு எமனாகவும் வந்தது. 1741இல் பேரிங் என்ற மாலுமியின் பயணத்துக்குப் பிறகு, அதன் தோலுக்கு ஐரோப்பாவிலும் சீனாவிலும் பெரும் விலை கிடைத்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வேட்டை நடந்தது. 1911இல் நான்கு நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையால் வேட்டையைத் தடுத்தபோது, உலகம் முழுவதிலும் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டாயிரமே. கலிபோர்னியாவில் அவை அற்றுப் போய்விட்டன என்றே பலரும் நம்பினர். ஆனால் மான்டெரேக்குத் தெற்கே, பிக் சர் என்னும் கரடுமுரடான கரையில், ஏறத்தாழ ஐம்பது உயிர்கள் ஒளிந்து வாழ்ந்திருந்தன. 1938இல்தான் இது ஊருக்குத் தெரிந்தது. இன்று கலிபோர்னியாவில் உள்ள ஏறத்தாழ 3,000 கடல் நீர்நாய்களும் அந்த ஐம்பதின் வழிவந்தவையே.

தாயைத் தேடும் குட்டிகள்

கடல் நீர்நாய்க் குட்டியால் பிறந்தவுடன் மூழ்க முடியாது. அதன் மயிரில் அவ்வளவு காற்று! தக்கைபோல் மிதக்கும். தாய் குட்டியை நீர்ப்பரப்பில் விட்டுவிட்டு இரை தேட மூழ்கும். புயல் வீசினாலோ, தாய் இறந்தாலோ, குட்டி தனியே கரை ஒதுங்கும். ஏறத்தாழ ஆறு மாதம் தாயிடம் பாடம் கற்க வேண்டிய குட்டி அது. மூழ்குவது, நண்டைப் பிடிப்பது, கல்லால் உடைப்பது, மயிரைக் கோதிச் சுத்தம் செய்வது எல்லாமே தாய் கற்பிக்க வேண்டியவை.

காட்சிச்சாலை திறந்த 1984ஆம் ஆண்டு முதலே இத்தகைய குட்டிகள் அங்கே கொண்டுவரப்பட்டன. பணியாளர்கள் இரவு பகலாகப் பாலூட்டினார்கள், மயிரைக் கோதிவிட்டார்கள், கடலில் கூடவே நீந்தி மூழ்கவும் கற்றுக் கொடுத்தார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அன்பே தடையாகிவிட்டது! கடலில் விடப்பட்ட குட்டிகள் மனிதரைத் தாயாக நினைத்தன. படகுகளையும் நீரில் மூழ்குவோரையும் தேடிச் சென்றன. மனிதருக்கு அஞ்சாத காட்டுயிர் நெடுநாள் பிழைக்காது. மனிதருக்கும் அதனால் ஆபத்து. அவற்றுள் சிலவற்றை மீண்டும் பிடித்து வர வேண்டியதாயிற்று.

2001இல் தற்செயலாக ஒரு வழி பிறந்தது. நோயுற்றுக் கரை ஒதுங்கிய சினை நீர்நாய் ஒன்றைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். டூலா என்று பெயரிட்டார்கள். டோக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி அதன் மூளையைத் தாக்கியிருந்தது, வலிப்பு வந்தது. டூலா ஈன்ற குட்டி இறந்தே பிறந்தது. அந்த நேரத்தில் தாயற்ற குட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. அதை டூலாவின் அருகில் விட்டுப் பார்த்தார்கள். டூலா அதை அள்ளித் தன் மார்பில் வைத்துக்கொண்டது!

அதன் பின் முறையே மாறிவிட்டது. கடலுக்குத் திரும்ப முடியாத பெண் நீர்நாய்கள் வளர்ப்புத் தாய்களாயின. குட்டியைக் கையாளும் பணியாளர்கள் கறுப்பு அங்கியும், பற்றவைப்போர் அணிவது போன்ற முகமூடியும் போட்டுக்கொள்கிறார்கள். மனித முகம் குட்டியின் மனத்தில் பதியக் கூடாது என்பதற்காகத்தான். டூலா மட்டும் 13 குட்டிகளை வளர்த்தது, 2012இல் இறந்தது.

டூலாவைத் தாக்கிய ஒட்டுண்ணி எங்கிருந்து வந்தது தெரியுமா? அது பூனை இனத்தின் குடலில் பெருகுவது. பூனையின் கழிவோடு மண்ணில் விழுந்து, மழைநீரோடு ஓடையில் கலந்து, கடலை அடைந்து, நத்தை, சிப்பி வழியாக நீர்நாயின் உடலுக்குள் நுழைகிறது. நிலத்தில் நாம் கழுவிவிடும் எதுவும் நிலத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உப்பங்கழி கூறிய சாட்சி

வளர்த்த குட்டிகளை எங்கே விட்டார்கள்? மான்டெரே வளைகுடாவின் நடுப்பகுதியில் எல்க்கார்ன் என்னும் உப்பங்கழி இருக்கிறது. 2002 முதல் 2016 வரை வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த 37 நீர்நாய்கள் அங்கே விடப்பட்டன. அவை காட்டில் பிறந்தவற்றைப் போலவே பிழைத்தன, இனம் பெருக்கின. அந்த ஆண்டுகளில் அங்கே கூடிய நீர்நாய்களின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இந்த 37ம் அவற்றின் சந்ததியுமே என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

யாரும் எதிர்பாராத விளைவு ஒன்றும் தொடர்ந்தது. அந்த உப்பங்கழியைச் சுற்றிலும் வயல்கள். உரம் கலந்த நீர் வந்து சேருவதால் பாசி பெருகி, கடற்புல்லின் இலைகளில் படிந்து, ஒளியை மறைத்து, புல்லைக் கொன்றுகொண்டிருந்தது. நீர்நாய்கள் பெருகியதும் கடற்புல் மீண்டும் தழைத்தது. நீர்நாய் புல் தின்பதில்லையே, பின் எப்படி? இதோ சங்கிலி: நீர்நாய் நண்டைத் தின்கிறது. நண்டு குறைந்ததால், நண்டுக்கு இரையான கடல் முயல் முதலிய சிறு உயிர்கள் பெருகுகின்றன. அவை இலைகளில் படிந்த பாசியை மேய்ந்து துடைக்கின்றன. புல்லுக்கு ஒளி கிடைக்கிறது! இந்தத் தொடர்பை 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. நண்டுகள் ஓடைக்கரையில் வளை தோண்டி, சதுப்புச் செடிகளின் வேரையும் தின்பதால் கரை இடிந்து விழுந்துகொண்டிருந்தது. நீர்நாய்கள் வந்த பின் கரையரிப்பு சராசரியாக 69 விழுக்காடு குறைந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒரு தொட்டிக்குள், முகமூடி அணிந்தவர்களின் கையில் தொடங்கிய வேலை, ஓர் உப்பங்கழியின் கரையைத் தாங்கி நிற்கிறது.

தொட்டிக்கு அடங்காத விலங்கு

வெற்றியை மட்டும் சொன்னால் அது அறிவியல் ஆகாது. வெள்ளைச் சுறாவின் கதையையும் கேளுங்கள்.

வெள்ளைச் சுறாவைக் காட்சிக்கு வைக்கப் பலர் முயன்றிருந்தனர். சுறா உண்ண மறுத்தது. பெரும்பாலும் சில நாள்களிலேயே இறந்தது, அல்லது கடலில் விடப்பட்டது. 2004இல் மான்டெரே காட்சிச்சாலை ஓர் இளம் சுறாவை 198 நாள் வைத்திருந்து, பின்னர் கடலில் விட்டது. அது தொட்டியில் இருந்த வேறு இரு சுறாக்களைக் கொன்றுவிட்டிருந்தது. தொடர்ந்து மேலும் ஐந்து இளம் சுறாக்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வைக்கப்பட்டன. 2011இல் வந்த கடைசிச் சுறா கடலில் விடப்பட்டவுடன் இறந்துபோனது. அதோடு அந்த முயற்சியைக் காட்சிச்சாலை கைவிட்டது.

நேரில் பார்த்ததால் சுறாவின் மேல் இருந்த வெறும் அச்சம் பலருக்கு மாறியது என்பார் உண்டு. நெடுந்தூரம் ஓயாமல் நீந்தும் விலங்கைச் சுவருக்குள் வைக்கலாமா என்று கேட்பாரும் உண்டு. இரண்டையும் எடை போட்டுப் பாருங்கள். எந்த உயிருக்குத் தொட்டி பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று கண்டுகொள்வதும், பொருந்தாதபோது நிறுத்திக்கொள்வதும் காட்சிச்சாலையின் கடமையே.

சட்டைப்பையில் ஒரு பாடம்

கற்பிக்கும் பணிக்கு வருவோம். மத்தி மறைந்த ஊரில் எழுந்த காட்சிச்சாலை, மீன்பிடிப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? 1999இல் அது சட்டைப்பையில் அடங்கும் சிறு அட்டைகளை வெளியிடத் தொடங்கியது. கடைக்குப் போகிறவர் அதைப் பார்த்து மீன் வாங்கலாம். பச்சை என்றால் அந்த மீன் கடலைக் கெடுக்காத முறையில் கிடைத்தது. மஞ்சள் என்றால் சற்றுக் கவனம் தேவை. சிவப்பு என்றால் தவிர்ப்பது நல்லது. தொட்டியின் முன் தோன்றிய அக்கறை சந்தைவரை கூட வந்தது.

ஆனால் ஓர் அட்டை ஒருவரின் பிழைப்பையும் தொடும். 2022இல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரைச் சிங்கி இறாலுக்குச் சிவப்பு நிறம் தரப்பட்டது. பொறிகளின் கயிற்றில் அருகி வரும் திமிங்கில இனம் ஒன்று சிக்கி மடிகிறது என்பது காரணம். அங்குள்ள மெய்ன் மாநில மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். தாங்கள் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றியும் பழி சுமத்துவது நியாயமா என்று கேட்டு, 2023இல் வழக்கும் தொடுத்தார்கள். கடலைக் காப்பது என்பது மீனைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. மீன் பிடித்து வாழும் மக்களைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

இந்தக் காட்சிச்சாலை திறந்த நாளிலிருந்தே பள்ளிக் குழுக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. இதுவரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வந்து சென்றிருக்கிறார்கள். அவர்கள் கைகளாலும் கற்கிறார்கள். ஆழமற்ற தொட்டியில் நட்சத்திர மீனைத் தொட்டுப் பார்க்கலாம். அதன் அடியில் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் அசைவதைக் காணலாம். பாடநூலின் படத்தில் ஐந்து கை கொண்ட உருவமாக இருந்தது, உயிருள்ள ஒன்றாக மாறும் கணம் அது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

மான்டெரே நமக்குத் தொலைவு. ஆனால் ஏதாவது ஒரு மீன் காட்சிச்சாலைக்கு நீங்கள் என்றாவது போவீர்கள். போகும்போது இந்தக் கேள்விகளையும் கூட எடுத்துச் செல்லுங்கள்.

இந்த உயிர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து பிடித்ததா, இங்கேயே பிறந்ததா, காயம்பட்டுக் காப்பாற்றப்பட்டதா? இந்த நீர் எப்படித் தூய்மையாக இருக்கிறது? இந்த மீன் கடலில் எதைத் தின்னும், எது இதைத் தின்னும்? இங்கே பிறந்த குஞ்சு ஏதேனும் கடலுக்குத் திரும்பியிருக்கிறதா? இங்கே கற்ற எந்த உண்மை மீனவருக்கோ, ஆய்வாளருக்கோ, சட்டம் இயற்றுவோருக்கோ பயன்பட்டிருக்கிறது?

அங்கே பணிபுரிபவரிடம் தயங்காமல் கேளுங்கள். விடை கூறி, தொட்டியின் பின்புறத்தில் உள்ள குழாய்களையும் வடிகட்டிகளையும் குஞ்சுத் தொட்டிகளையும் ஆர்வத்தோடு காட்டினால், அது கற்பிக்கும் இடம். வண்ணத்தை மட்டும் காட்டி, வாருங்கள், போங்கள் என்றால், அது வெறும் காட்சி.

தொட்டி தனியாகக் கடலைக் காக்காது. வேட்டையைத் தடுத்த சட்டம் இல்லாவிட்டால் அந்த ஐம்பது நீர்நாய்களும் மிஞ்சியிருக்கமாட்டா. உரநீர் இன்றும் அந்த உப்பங்கழிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கடலுக்கு அடியில் நடப்பதை நம்மில் பெரும்பாலோர் நேரில் பார்க்க முடியாது. பார்க்காத ஒன்றை எண்ணி எச்சரித்தால் யார் கேட்பார்கள்? மத்தி தீரும் என்று சொன்ன உயிரியலாரை அன்று மான்டெரேயில் யாரும் கேட்கவில்லை. அந்த ஆலை நின்ற இடத்தில், இன்று ஒரு பள்ளி மாணவி 8.5 மீட்டர் உயரக் காட்டின் முன் நின்று, மேலே பார்த்து, "இது எப்படி வளர்கிறது?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி கடலைப் பற்றியது அல்லவா?